பேனா எடுக்காமலே முடிந்த தேர்தல்

என் அம்மாவுக்கு எண்பது வயது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் காலைக் காப்பியோடு பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விடாமல் படிப்பார். 2025 ஜூன் 13ஆம் தேதி காலையில் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏய்யா, மேல்சபை எலெக்‌ஷன் 19ஆம் தேதின்னுதானே போட்டிருந்தான். ஆறு பேரும் ஜெயிச்சிட்டாங்கன்னு இன்னைக்கே போட்டிருக்கு?"

"போட்டி இல்லம்மா. ஆறு இடம், களத்துல ஆறே பேர். ஓட்டெடுப்பு இல்லாமலே அறிவிச்சிட்டாங்க."

"அப்ப எம்.எல்.ஏ. ஒருத்தர்கூடப் பேனாவைக் கையில எடுக்கலையா?"

அம்மா 'பேனா' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் சட்ட மேலவை இருந்த காலத்தில் ஆசிரியர்களுக்கென்று தனித் தொகுதி இருந்தது, பட்டதாரிகளுக்கென்று தனித் தொகுதி இருந்தது. அம்மா எழுபதுகளில் ஆசிரியர் தொகுதியில் ஓட்டுப் போட்டவர். மற்ற தேர்தல்போல முத்திரை குத்துவதல்ல அது. பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று எண்ணால் எழுத வேண்டும். 'இவர் வேண்டும், இவருக்கு என் ஓட்டு தேவைப்படாவிட்டால் அடுத்தவருக்குப் போகட்டும்' என்று வரிசை சொல்லும் ஓட்டு. அந்த ஒரு தேர்தலில்தான் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்காமல் எல்லாரையும் எடைபோட்டுப் பார்த்தேன் என்று அம்மா பல தடவை சொல்லியிருக்கிறார்.

மாநிலங்களவைத் தேர்தலும் அதே முறைதான். நம் 234 எம்.எல்.ஏ.க்களும் விருப்ப வரிசை எழுதி ஓட்டுப் போட வேண்டும் என்பது சட்டம். ஆனால் இங்கே அவர்கள் பேனா எடுப்பது அபூர்வம். எனக்கு நினைவு தெரிந்து கடைசியாக ஓட்டுப்பெட்டி வைத்தது 2013 ஜூனில். ஆறு இடத்துக்கு ஏழு பேர் நின்றதால் வந்தது அது. அதன் பிறகு 2014, 2016, 2019, 2020, 2022, 2025 என்று எல்லாத் தடவையும் போட்டியின்றித் தேர்வுதான்.

அம்மாவின் கேள்வி எனக்குள் ஊறிக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. மாநிலங்களவை வேண்டுமா, வேண்டாமா என்ற பழைய வாதத்துக்குள் நான் போகவில்லை. வேண்டும் என்று நம்புகிறவன் நான். அதில் உட்காருகிறவர்களை யார் தேர்ந்தெடுக்க வேண்டும், எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 இடம். உறுப்பினரின் காலம் ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். அதாவது ஒரு தடவைக்கு ஆறு பேர். ஒவ்வொரு எம்.எல்.ஏ.வின் ஓட்டுக்கும் மதிப்பு 100. ஆக மொத்த மதிப்பு 23,400. இதை இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி, அதாவது ஏழால், வகுத்து, வருவதோடு ஒன்றைக் கூட்டினால் 3,343. அந்த மதிப்பை எட்டுபவர் எம்.பி. சுருக்கமாகச் சொன்னால் ஒரு இடத்துக்கு 34 எம்.எல்.ஏ.க்கள் வேண்டும்.

இந்த 34 என்ற எண்தான் எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்து வைக்கிறது. சட்டமன்றத் தேர்தல் முடிந்த இரவே எந்த அணிக்கு எத்தனை ராஜ்யசபா சீட் என்று டீக்கடையில்கூடச் சொல்லிவிடலாம். வேட்புமனுவில் பத்து எம்.எல்.ஏ.க்கள் முன்மொழிய வேண்டும் என்பதால் சுயேச்சைகள் பரிசீலனையிலேயே விழுந்துவிடுகிறார்கள். மீதமிருப்பது எந்தப் பெயர் என்ற கேள்வி மட்டுமே. அது கட்சித் தலைமையின் அறைக்குள் முடிவாகிறது. சட்டமன்றத் தேர்தலுக்குக் கூட்டணி பேசும்போது 'இத்தனை தொகுதி, கூடவே ஒரு ராஜ்யசபா' என்று எழுதிக் கையெழுத்தாகிற காலம் இது. அரசியல் சாசனம் ஒரு மாநிலத்தின் குரலாக நினைத்து வைத்த நாற்காலி, தொகுதிப் பங்கீட்டில் சில்லறையை நேர்செய்யப் பயன்படுகிறது. இதைப் பார்க்க எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

ஆனால் மறைமுகத் தேர்தலே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லவிடாமல் ஒரு மனிதர் என்னைத் தடுக்கிறார். 1962 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றார். அவருடைய கட்சி அந்தத் தேர்தலில் 50 இடம் பிடித்தது, தலைவர் தோற்றார். அந்த எம்.எல்.ஏ.க்கள்தான் அவரை மாநிலங்களவைக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் நிகழ்த்திய கன்னிப்பேச்சை இன்றைக்கும் எடுத்துப் படிக்கிறோம். மறுபக்கத்தில் இருந்த காங்கிரஸ்காரர்களும் காது கொடுத்துக் கேட்ட பேச்சு அது. நேரடித் தேர்தல் மட்டுமே வழி என்று இருந்திருந்தால் அந்த ஐந்தாண்டு டெல்லியில் அந்தக் குரல் ஒலித்திருக்காது. ஒரு தொகுதி வேண்டாம் என்று சொன்னவரை ஒரு மாநிலம் வேண்டும் என்று சொல்ல இடம் இருக்க வேண்டும். இரண்டாம் அவையின் பயன்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அரசியல் நிர்ணய சபையில் இந்த அவைக்காக வாதாடிய என். கோபாலசாமி ஐயங்கார் தஞ்சைச் சீமைக்காரர். அவருடைய வாதத்தின் சாரம் இவ்வளவுதான்: அந்தந்த நேரத்து ஆவேசத்தில் சட்டம் பிறந்துவிடாமல் கொஞ்சம் நிறுத்தி வைக்க ஒரு அவை வேண்டும், தேர்தல் களத்தின் கூச்சலுக்குப் பழகாத, ஆனால் அறிவும் அனுபவமும் உள்ளவர்கள் அதில் இருக்க வேண்டும். அந்த நினைப்போடு எனக்குச் சண்டை இல்லை. அந்த நினைப்பைத் தாங்கி நின்ற இரண்டு தூண்களை 2003இல் நாமே எடுத்துவிட்டோம். அதைப் பற்றித்தான் வருத்தம்.

முதல் தூண், வசிப்பிடம். அதுவரை ஒரு மாநிலத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போக வேண்டுமானால் அந்த மாநிலத்தின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் 'அந்த மாநிலத்தில்' என்ற பொருளில் இருந்த சொற்களை எடுத்துவிட்டு 'இந்தியாவில்' என்று மாற்றினார்கள். அவ்வளவுதான் திருத்தம். இந்தியாவில் எங்கேயாவது ஓட்டு இருந்தால் எந்த மாநிலத்திலிருந்தும் போகலாம் என்று ஆகிவிட்டது.

பழைய விதி நேர்மையாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. மன்மோகன் சிங் 1991இலிருந்து 2019வரை அசாமின் உறுப்பினர். அதற்காகக் குவாஹாத்தியில் வாடகை வீட்டு முகவரி வைத்திருந்தார். அவர் எங்கே வாழ்ந்தார் என்பது நாட்டுக்கே தெரியும். அப்படிப்பட்ட ஒரு மனிதரை ஒரு பாதிப் பொய்க்குள் நிறுத்திய விதி நல்ல விதியா என்று கேட்டால் என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அவர் நாடாளுமன்றத்தில் இருந்தது நாட்டுக்கு லாபம். 1999இல் தெற்கு டெல்லியில் நின்று தோற்றவர் அவர்; மாநிலங்களவை இல்லாவிட்டால் பின்னால் பிரதமராகியிருக்கவே முடியாது என்று நினைக்கிறேன். எல்லாம் உண்மை. ஆனால் ஒரு விதியைப் பலர் வளைக்கிறார்கள் என்றால் அதை நிமிர்த்த வழி பார்க்க வேண்டும். விதியையே எடுத்துவிட்டால், வளைத்தது சரி என்று ஊரறியச் சொன்னதாக ஆகிறது.

இன்றைய நிலையைப் பாருங்கள். நம் ஊர்க்காரர்களையே எடுத்துக்கொள்வோம். மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் முதலில் ஆந்திரம், பிறகு கர்நாடகத்தின் உறுப்பினர். ஜெய்சங்கர் குஜராத்தின் உறுப்பினர். எல். முருகன் மத்தியப் பிரதேசத்தின் உறுப்பினர். சிவகங்கையின் ப. சிதம்பரம் 2016இலிருந்து 2022வரை மகாராஷ்டிரத்தின் உறுப்பினர். நான்கு பேரும் திறமைசாலிகள், கட்சி எதுவானாலும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தண்ணீர்ப் பிரச்சினை வரும்போது, மகாராஷ்டிரத்தின் விதர்பாவில் பருத்தி விவசாயி தவிக்கும்போது, அந்த ஊரின் வெயிலில் நின்றவர் எழுந்து பேசுவதும், பட்டியலில் பெயர் மட்டும் உள்ளவர் எழுந்து பேசுவதும் ஒன்றா? அவையின் பெயரிலேயே மாநிலம் இருக்கிறதே.

இந்தத் திருத்தத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார். அவரே நியமன உறுப்பினராக அந்த அவையில் இருந்தவர். 2006 ஆகஸ்ட் 22இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு திருத்தம் செல்லும் என்றது. வசிப்பிடம் அரசியல் சாசனம் விதித்த தகுதி அல்ல, நாடாளுமன்றம் விதித்தது, நாடாளுமன்றமே எடுக்கலாம் என்பது தீர்ப்பின் போக்கு. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். அதையே திருப்பிப் பிடித்துக்கொள்கிறேன்: நாடாளுமன்றம் எடுத்ததை நாடாளுமன்றமே திருப்பிக் கொடுக்கலாம். அரசியல் சாசனத் திருத்தம் வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு வேண்டாம். எடுத்த சொல்லை மறுபடி அதே இடத்தில் வைத்தால் போதும். நான் கேட்பது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். பட்டியலில் பெயர் என்பது ஒரு மாதத்தில் மாறிவிடும். தொடர்ந்து பத்தாண்டு அந்த மாநிலத்தின் வாக்காளராக இருந்திருக்க வேண்டும் என்று வையுங்கள்.

இரண்டாவது தூண், ரகசிய வாக்கு. இதில்தான் எனக்கும் அம்மாவுக்கும் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது.

2003க்கு முன்னால் எம்.எல்.ஏ. ரகசியமாக ஓட்டுப் போட்டார். அந்த ரகசியத்தில் பணம் புகுந்தது. மாற்றி ஓட்டுப் போட்டதால் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர்களே தோற்ற கதைகள் பல மாநிலங்களில் உண்டு. அதனால் புது விதி வந்தது: ஓட்டுச்சீட்டில் எண்களை எழுதியதும், மடித்துப் பெட்டியில் போடும் முன், தன் கட்சியின் முகவரிடம் காட்ட வேண்டும். அவரிடம் மட்டும். வேறு யாரிடமும் காட்டினால் ஓட்டு செல்லாது. சுயேச்சை எம்.எல்.ஏ. யாரிடமுமே காட்டக் கூடாது.

2017 ஆகஸ்டில் குஜராத்தில் அகமது படேல் நின்ற தேர்தல் இந்த விதியின் மேல்தான் திரும்பியது. இரண்டு காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் சீட்டை வேறு ஆட்களிடமும் காட்டினார்கள் என்ற புகார், அன்று இரவு தேர்தல் ஆணையத்தின் படிகளில் இரு கட்சித் தலைவர்களும் ஏறி இறங்கியது, நள்ளிரவு நெருங்கும்போது அந்த இரண்டு ஓட்டும் ரத்து, அதன் பிறகு எண்ணிக்கை, 44 ஓட்டில் அவர் வெற்றி. அதற்கு முன் அந்தக் கட்சியின் எம்.எல்.ஏ.க்களைப் பெங்களூரு அருகே ஒரு சொகுசு விடுதியில் வைத்துக் காத்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் கூவத்தூர் விடுதிக் காவலைப் பார்த்த நமக்கு அந்தக் காட்சி புதிதல்ல. முந்தைய ஆண்டு ஹரியானாவில் பேனா மாறியதால், அதாவது தேர்தல் அதிகாரி கொடுத்த பேனாவால் எழுதவில்லை என்பதால், பத்துக்கும் மேற்பட்ட காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களின் ஓட்டு செல்லாமல் போய் முடிவே மாறியது.

2024 பிப்ரவரி 27, இமாச்சலம். 68 பேர் கொண்ட சபையில் 40 பேர் வைத்திருந்தது காங்கிரஸ். இருந்தும் அபிஷேக் மனு சிங்விக்கு 34, பா.ஜ.க.வின் ஹர்ஷ் மகாஜனுக்கு 34. ஆறு காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களும் மூன்று சுயேச்சைகளும் மாற்றிப் போட்டிருந்தார்கள். குலுக்கல் நடந்தது. சிங்வியின் பெயர் வந்தது. சீட்டில் பெயர் வந்தவர் தோற்றவர் என்று விதியைப் படித்து, மகாஜன் வென்றதாக அறிவித்தார்கள். கட்சி முகவர் பார்க்கிறார் என்று தெரிந்தே அந்த ஆறு பேரும் போட்டார்கள். ஏனென்றால் இந்தத் தேர்தலில் கட்சி மாறி ஓட்டுப் போட்டால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவி போகாது. அவர்கள் பின்னால் பதவி இழந்தது பட்ஜெட் ஓட்டெடுப்பில் கொறடா உத்தரவை மீறியதற்காக.

ஆக, வெளிப்படை வாக்கு பேரத்தைத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்பு முழுதாக நிறைவேறவில்லை. 2012இல் ஜார்க்கண்டில் ஓட்டெடுப்பு நாளன்றே ஒரு காரில் 2 கோடி ரூபாய்க்கு மேல் பிடிபட்டு, தேர்தலையே ரத்து செய்தார்களே, அதுவும் இந்தத் திருத்தத்துக்குப் பிறகுதான்.

"அப்ப பழையபடி ரகசியமாவே வச்சிர வேண்டியதுதான?" என்றார் அம்மா. "நான் ஆசிரியர் தொகுதில யாருக்குப் போட்டேன்னு உங்க அப்பாவுக்கே தெரியாது. சங்கத்துக்காரங்க ஒரு பேரைச் சொன்னாங்க. நான் ரெண்டாவது எண் போட்டது அவருக்கு. முதல் எண் யாருக்குன்னு யாரும் கேக்க முடியாது. அந்தத் தைரியத்துலதான் போட்டேன்."

அம்மா சொல்வதில் உள்ள உண்மை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா அம்மாவுக்காக ஓட்டுப் போட்டார். ஒரு எம்.எல்.ஏ. மாநிலங்களவைக்கு ஓட்டுப் போடும்போது தனக்காகப் போடவில்லை. எங்கள் தொகுதியின் இரண்டு லட்சத்துச் சொச்சம் பேருக்காகப் போடுகிறார். அவர் கையை எனக்குக் காட்ட வேண்டியவர். இப்போதுள்ள முறையில் நான் காண்கிற அநியாயம் இதுதான்: அந்தச் சீட்டைக் கட்சி முகவர் பார்க்கிறார், நான் பார்க்க முடிவதில்லை. கட்சிக்கு வெளிச்சம், மக்களுக்கு இருட்டு. ரகசியம் என்றால் எல்லாருக்கும் ரகசியமாக இருக்கட்டும். வெளிப்படை என்றால் மறுநாள் பேப்பரில் 234 பேரின் பெயரும் அவர்கள் எழுதிய வரிசையும் அச்சாகட்டும். நான் இரண்டாவதைக் கேட்கிறேன். யாருக்கு முதல் எண், யாருக்கு இரண்டாவது என்று ஊர் பார்க்கும் என்றால், அந்த எம்.எல்.ஏ. தொகுதிக்கு வரும்போது 'ஏன் அவருக்குப் போட்டீங்க?' என்று ஒரு ஆளாவது கேட்பார். அம்மா தலையை ஆட்டினார். "கேக்கிறது யாரு, நாமளா? மொதல்ல கட்சிக்காரன்தான் வந்து நிப்பான்." அதோடு அன்றைய பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

இவ்வளவு சிக்கல் எதற்கு, மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் என்ன என்று என் அலுவலக நண்பர் கேட்டார். அமெரிக்கர்கள் அதைத்தான் செய்தார்கள். அவர்களுடைய செனட்டுக்கும் ஆரம்பத்தில் மாநிலச் சட்டமன்றங்கள்தான் ஆள் அனுப்பின. 1858இல் லிங்கனும் டக்ளஸும் இல்லினாயில் ஏழு ஊர்களில் விவாதம் செய்தது உலகப் புகழ் பெற்றது. ஆனால் கூடிக் கேட்ட மக்களில் ஒருவருக்கும் செனட்டருக்கு ஓட்டுப் போடும் உரிமை கிடையாது. சட்டமன்றம் டக்ளஸைத் தேர்ந்தெடுத்தது. 1899இல் மொன்டானாவின் செப்புச் சுரங்க முதலாளி வில்லியம் கிளார்க் சட்டமன்ற உறுப்பினர்களைப் பணம் கொடுத்து வாங்கினார் என்று செனட் குழுவே சொல்லும் நிலை வந்து, பதவி விலகினார். டெலவேரில் சட்டமன்றத்தால் யாரையும் தேர்ந்தெடுக்கவே முடியாமல், 1901 முதல் 1903 வரை அந்த மாநிலத்துக்கு செனட்டில் ஒருவர்கூட இல்லை. இப்படி அலுத்துப்போய் 1913இல் 17ஆவது திருத்தம் கொண்டுவந்து நேரடித் தேர்தலுக்கு மாறினார்கள்.

நமக்கு அது ஒத்துவருமா? கோடிக்கணக்கான வாக்காளர்கள் உள்ள தமிழ்நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்து ஒருவர் ஓட்டுக் கேட்க வேண்டும் என்று கற்பனை செய்து பாருங்கள். கன்னியாகுமரியிலிருந்து கும்மிடிப்பூண்டிவரை சுவரெழுத்து, வேன், பூத்துக்குப் பூத் ஆள். ஓய்வு பெற்ற பேராசிரியரோ, கடலோரத்தில் மீனவர் சங்கம் நடத்துபவரோ அந்த வாசலைக்கூட நெருங்க முடியாது. பெரும் பணக்காரர்களும் சினிமா முகங்களும்தான் நிற்பார்கள். அதோடு மக்களவைக்குப் பக்கத்தில் இன்னொரு மக்களவை நமக்கு எதற்கு? ஜெர்மனியில் மாநில அமைச்சர்களே மேலவையில் போய் உட்காருகிறார்கள், மாநிலத்தின் ஓட்டு எல்லாம் ஒரே கட்டாக விழும். அது முதலமைச்சரின் குரலாக இருக்கும், மாநிலத்தின் பல குரல்களாக இருக்காது. எனக்கு அதில் மனம் செல்லவில்லை.

மறைமுகத் தேர்தலை வைத்துக்கொண்டே பலனை மாற்ற ஒரு வழி ஆஸ்திரேலியாவைப் பார்த்து எனக்குத் தோன்றியது. அங்கே செனட்டர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், அதை விட்டுவிடுவோம். ஆனால் ஆறு ஆண்டுக் காலம், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பாதிப் பேர். அதை இங்கே வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஆறு ஆறாக இல்லாமல் ஒன்பது ஒன்பதாகத் தேர்வு. 23,400ஐப் பத்தால் வகுத்து ஒன்று கூட்டினால் 2,341. ஒரு இடத்துக்கு 34 பேர் வேண்டியது 24 பேராகக் குறைகிறது. பெரிய கட்சி தயவு செய்து கொடுத்தால்தான் உண்டு என்றிருக்கும் சின்னக் கட்சிகள் நான்கைந்து சேர்ந்து ஒருவரைத் தாங்களாகவே அனுப்பலாம். இடங்கள் கூடும்போது கணக்கு முன்கூட்டியே முடிந்துவிடாது. இரண்டாம் எண்ணுக்கும் மூன்றாம் எண்ணுக்கும் உயிர் வரும். எம்.எல்.ஏ.க்கள் பேனா எடுக்க வேண்டியிருக்கும். ஒரே ஒரு இடமுள்ள சிக்கிம், கோவா போன்ற மாநிலங்களுக்கு இதனால் பலன் இல்லை என்பதும் உண்மைதான். இதற்கு அரசியல் சாசனத்தின் 83ஆவது பிரிவைத் திருத்த வேண்டும், அது சுலபமல்ல என்பதும் தெரிந்தே சொல்கிறேன்.

பிரான்ஸில் செனட்டர்களை ஓட்டுப் போட்டு அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் ஊர் மன்றங்களின் பிரதிநிதிகள். அம்மாவுக்கு இதைச் சொன்னபோது முகம் மலர்ந்துவிட்டது. நம் ஊரில் 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகள், அவற்றின் தலைவர் இடங்களில் பாதி பெண்களுக்கு. அவர்களுக்கும் மாநிலங்களவைத் தேர்தலில் ஓட்டு இருந்தால் வேட்பாளர்கள் கண்மாய் பற்றிப் பேச வேண்டி வரும், நூறு நாள் வேலைச் சம்பளம் பற்றிப் பேச வேண்டி வரும் என்பது அம்மாவின் வாதம். எனக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. 234 பேரை விடுதியில் வைத்துக் காப்பதே இவ்வளவு அசிங்கமாக இருக்கிறது. சம்பளம் என்று சொல்லவே கூச்சப்படும் அளவுக்கு மதிப்பூதியம் வாங்கும் ஊராட்சித் தலைவர் முன்னால் பணப்பை வைக்கப்பட்டால்? ஆனால் அம்மா ஒரு கேள்வி கேட்டார், அதற்கு நான் பதில் சொல்லவில்லை: "ஏழைங்க கையில ஓட்டு இருந்தா வித்திருவாங்கன்னு சொல்லித்தான அந்தக் காலத்துலயும் குடுக்காம இருந்தாங்க?"

இதையெல்லாம்விட உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வேட்பாளரைக் கட்சி அறிவித்ததும், அவரைச் சென்னைக்கு அழைத்து எம்.எல்.ஏ.க்கள் முன் உட்கார வைத்து, தொலைக்காட்சியில் நேரலையாகக் கேள்வி கேட்கட்டும். 2016 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஜி.எஸ்.டி. திருத்தம் மாநிலங்களவையில் நிறைவேறியபோது, தமிழ்நாட்டின் வருவாய் போகிறது என்று சொல்லி அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்தார்கள். அதைச் சரி என்பவரும் உண்டு, ஓட்டுப் போட்டு எதிர்த்திருக்கலாமே என்பவரும் உண்டு. அதுபோன்ற நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று ஆறு ஆண்டுக்கு அனுப்பும் முன் ஒருமுறை கேட்டுவிட வேண்டாமா? ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியர் வேலைக்குக்கூட மாதிரிப் பாடம் நடத்திக் காட்டச் சொல்கிறார்கள்.

நியமன உறுப்பினர் பன்னிரண்டு பேரைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் அம்மா கோபித்துக்கொள்வார். இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை என்ற துறைகளிலிருந்து குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். நடைமுறையில் மத்திய அமைச்சரவை சொல்கிற பெயர்கள். வந்து போனதே தெரியாத பெரிய மனிதர்கள் உண்டு. ஆனால் முதல் அவையிலேயே நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1960இல் வந்த சட்டத்துக்கு வித்து அது. சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயணன் 1986இல் நியமிக்கப்பட்டவர். அவர் அங்கே எழுந்து பேசிய பேச்சு குழந்தைகளின் புத்தகப் பையின் பாரத்தைப் பற்றியது. பையைச் சுமந்து கூன் விழும் பிள்ளைகளைப் பற்றி ஒரு நாவலாசிரியர் நாடாளுமன்றத்தில் பேசினார். பின்னால் யஷ்பால் குழு அமைந்து 1993இல் 'சுமையில்லாக் கல்வி' என்று அறிக்கை கொடுத்தபோது அந்தப் பேச்சை நினைவுகூர்ந்தது. அம்மா வகுப்பில் அந்தச் செய்தியைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினாராம். எந்த எம்.எல்.ஏ.வும் எந்த வாக்காளரும் ஆர்.கே. நாராயணனைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் நியமனம் இருக்கட்டும். ஆனால் பெயர்களை அரசாங்கம் மட்டும் எழுதக் கூடாது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, நீதித்துறை, பல்கலைக்கழகம் என்று பலர் உட்கார்ந்த குழு ஒன்று, பெயரோடு காரணத்தையும் எழுதி வெளியிட வேண்டும்.

நியமனம் எப்படித் திசைமாறும் என்பதற்கு நம் ஊர் வரலாறே போதும். 1952இல் ராஜாஜி தேர்தலில் நிற்காமலே, ஆளுநர் நியமனத்தில் மேலவைக்கு வந்து முதலமைச்சரானார். அந்த மேலவையையே 1986இல், ஒரு நியமனத்தைச் சுற்றி எழுந்த தகராறை ஒட்டி எம்.ஜி.ஆர். ஆட்சி மூடியது. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதியோடு அது இல்லை. கடைசித் தலைவர் ம.பொ.சி. அன்றோடு அம்மாவின் எண் போடும் ஓட்டும் போனது. 2010இல் மறுபடி கொண்டுவரத் தீர்மானமாகி, நாடாளுமன்றம் சட்டம் செய்தும், அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் நின்றுவிட்டது.

இந்தப் பதிவை எழுதி முடித்த இரவு, அந்த ஆறு பேரின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். "உங்ககிட்ட ஓட்டு இருந்தா எப்படிப் போடுவீங்க, எழுதுங்க."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். என் பேனாவை வாங்கி எழுதிப் பார்த்து, மை சரியாக வருகிறதா என்று தாளின் ஓரத்தில் கோடு கிழித்தார். ஒவ்வொரு பெயராக நிறுத்தி, இவர் என்ன செய்தார், அவர் எந்த ஊர் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆனது. ஆறு பெயருக்கும் எதிரே எண் விழுந்தது.

"ஒண்ணு யாருக்கும்மா?" என்று கையை நீட்டினேன்.

அம்மா தாளை நான்காக மடித்து, கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடிவிட்டார்.